ரேமண்டின் சோதனைப் பாட்டு

என் வீட்டுக்காரர் ரேமண்டுக்குத் தலையில் இருப்பதே நாலு முடி. அந்த நாலு முடியை வெட்ட எட்டு வருஷமாக, மாதம் இரண்டு சனிக்கிழமை, பினாங்கு சூலியா தெருப் பக்கம் போய் வந்துகொண்டிருந்தார். போனால் வர இரண்டு மணி நேரம் ஆகும். கேட்டால் "கூட்டம் ஜோ" என்பார். நானும் நம்பினேன். இருபத்தொன்பது வருஷம் ஒரு மனுஷனோடு குடித்தனம் நடத்தியும் ஒருத்தி இப்படி ஏமாளியாக இருக்க முடியுமா என்று கேட்டால், முடியும், இதோ நான் இருக்கிறேன்.

அவர் ரிட்டயர் ஆகவில்லை என்றால் இதெல்லாம் வெளியே வந்திருக்காது. பாயான் லெப்பாஸில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் முப்பத்து மூன்று வருஷம் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, போர்டில் கம்பியும் ஈயமும் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. நல்ல ஜாயின்ட் என்றால் போக விடுவார், கெட்ட ஜாயின்ட் என்றால் சிவப்பு ஸ்டிக்கர். கடைசி நாளன்று உடன் வேலை செய்தவர்கள் காசு சேர்த்து ஒரு கவரில் போட்டு, "அண்ணே, உங்களுக்குப் பிடிச்சத நீங்களே எடுத்துக்குங்க" என்று கொடுத்துவிட்டார்கள்.

நான் ஏர் ஃப்ரையர் என்றேன். அவர் பாட்டுக் கேட்கும் பெட்டி என்றார்.

"பாட்டு கேக்கத்தான் போன் இருக்கே?"

"போன்ல எல்லாம் ஒண்ணா குழைஞ்சி போயிரும் ஜோ. இது ஹை-ரெஸ் ப்ளேயர். சட்டைப் பையில வச்சிக்கலாம். பாடுறவங்க ஒவ்வொருத்தரும் தனித்தனியா நிக்கிற மாதிரி கேக்கும்."

"அப்ப நானும் வரேன். என் காதுக்கு மிஞ்சின காதா?"

இதைக் கேட்டதும் மனுஷனுக்கு முகம் செத்துவிட்டது. உனக்குப் போரடிக்கும், பார்க்கிங் கிடைக்காது, மாடிப்படி செங்குத்தாக இருக்கும், உன் முழங்கால் தாங்காது என்று வரிசையாக அடுக்கினார். அவர் அடுக்க அடுக்க எனக்குப் போயே ஆகவேண்டும் என்று வந்துவிட்டது.

காது என்று சொன்னேனே, அதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் கோயிலில் தமிழ்ப் பாடகர் குழுவுக்கு நான்தான் தலைவி. முன்னால் மைக்கில் நின்று பாடுவதும் நான்தான். இந்தப் பதவி எனக்குச் சும்மா வரவில்லை. தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துப் பங்குத் திருவிழாவில் வந்தது. எங்கள் ஆர்கன் வாசிப்பவர் சொந்தமாக எழுதிய பாட்டு. அதன் முடிவில் ஒரு 'ஆ', பன்னிரண்டு எண்ணும்வரை இழுக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு நூற்றிரண்டு காய்ச்சல். அப்படியும் நின்று பாடினேன், பன்னிரண்டும் வந்தது. பூசை முடிந்து வெளியே வந்தால் சனம் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறது. ரேமண்ட் யாரிடமோ இரவல் வாங்கிய டேப் மெஷினில் அதைப் பதிவு செய்தார். அந்த ஒலிப்பதிவு இன்றைக்கும் கோயில் ஸ்பீக்கரில் திருவிழா தோறும் ஓடுகிறது. காடியில் போகும்போது கேட்டிருக்கிறேன், கோயிலில் கேட்டிருக்கிறேன். காதுக்குள் எதையாவது சொருகினால் எனக்குத் தலைவலி வரும், அதனால் அப்படி மட்டும் கேட்டதில்லை.

பாட்டு மட்டும் போதாது, கட்டடமும் நன்றாக அமைய வேண்டும். எங்கள் கோயில் கூரை உயரம். நான் இழுத்துவிட்டு மூச்சு வாங்கும்போதும் என் குரல் மேலே பட்டுத் திரும்பி வந்துகொண்டே இருக்கும். புதிதாக வரும் ஃபாதர்களிடமெல்லாம் இதைச் சொல்வேன். "பழைய காலத்து ஆளுங்க என்னமா கட்டியிருக்காங்க பாருங்க ஃபாதர்" என்பேன். அவர்களும் மேலே பார்த்துத் தலையாட்டுவார்கள்.

இந்த வருஷத் திருவிழாவுக்குக் குழுவைச் சீர்திருத்த நினைத்தேன். போன ஞாயிறு பூசை முடிந்த கையோடு எல்லோரையும் நிற்க வைத்து, அதே 'ஆ'வை ஒவ்வொருவராகப் பாடச் சொன்னேன். பத்து எண்ணிக்கைக்குக் கீழே போனால் குழுவில் இடமில்லை. எல்லோரும் எப்படியோ தப்பித்தார்கள். அன்னமேரி அக்கா மட்டும் ஏழில் உடைந்துவிட்டார். அறுபத்தொரு வயது, நாற்பது வருஷமாகப் பாடுகிறார், எப்போதும் என் இடது தோளுக்குப் பின்னால் இரண்டாம் வரிசை. அதிர்ந்து ஒரு வார்த்தை பேசத் தெரியாதவர். பாவம்தான், ஆனால் சட்டம் என்றால் எல்லோருக்கும் சட்டம். அன்று சாயங்காலமே குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன்: 'அன்னமேரி அக்கா இனி ஓய்வெடுப்பார். அவர் சேவைக்கு நன்றி.' கும்பிடும் கை இரண்டு. அவர் கட்டைவிரலைத் தூக்கிப் பதில் போட்டார்.

புதன்கிழமை பயிற்சியில் என் குரல் திரும்பி வரவில்லை. மூச்சு வாங்குகிற இடத்தில் பாட்டு வெட்டி வெட்டி நின்றது. மேலே பார்த்தேன், புது ஃபேன் நாலு மாட்டியிருந்தார்கள். நேரே பங்கு அலுவலகத்துக்குப் போய், ஃபேன் எதிரொலியைக் கெடுக்கிறது, திருவிழாவுக்கு முன் கழற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இது நடந்து மூன்றாம் நாள், சனிக்கிழமைக் காலை, ப்ளேயர் விற்கும் ஹைதர் கடைக்குப் போனோம். சூலியா தெருப் பக்கம், கடைத்தெருவிலிருந்து பிரியும் சந்தில், காசு மாற்றும் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. படி செங்குத்துதான், அதில் மட்டும் அவர் பொய் சொல்லவில்லை. உள்ளே குளிரூட்டி, சோபா, கண்ணாடிப் பெட்டிக்குள் நகைபோல் ப்ளேயர்கள். சோபாவில் ஒரு சீனக் கிழவர் காதில் இயர்போனோடு கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"அண்ணே! வாங்க வாங்க!" என்று எழுந்து வந்த ஹைதருக்கு நாற்பது வயது இருக்கும். "எட்டு வருஷமா இங்க உக்காந்து கேட்டுட்டு மட்டும் போறீங்க. இன்னைக்காவது வாங்குவீங்களா?"

நான் மெதுவாகத் திரும்பி ரேமண்டின் தலையைப் பார்த்தேன். அவர் அதைத் தடவிக்கொண்டார்.

"எட்டு வருஷமாவா?" என்றேன்.

"ஆமாக்கா. மாசம் ரெண்டு வாட்டி, டான்னு வந்துருவாரு. நீங்க அண்ணனுக்கு..?"

"தூரத்துச் சொந்தம்" என்றேன். அவ்வளவு ஆத்திரம் எனக்கு.

ஹைதர் மூன்று ப்ளேயரை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று சின்னது, தீப்பெட்டி அளவு, விலையும் குறைவு. நடுவில் ஒன்று. மூன்றாவது கனமாக, கையில் வாங்கினால் அம்மிக் குழவியின் துண்டு மாதிரி இருந்தது. கவரில் இருந்த பணம் அதற்குத்தான் சரியாக வரும்.

"ஏதாச்சும் நல்ல பாட்டா போடுங்க தம்பி" என்றேன்.

"வேற பாட்டு போடு ஹைதர்" என்றார் ரேமண்ட் அவசரமாக. "வயலின் எதாச்சும் போடு."

"என்னண்ணே, நம்ம டெஸ்ட் பாட்டு இருக்கறப்போ வயலின் எதுக்கு?" ஹைதர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, ப்ளேயர் வாங்க வர்றவங்க ஆளாளுக்கு ஒரு பாட்டு வச்சிருப்பாங்க. அத எங்க போனாலும் போட்டுப் பாப்பாங்க. அண்ணன் கொண்டாந்த பாட்டு மாதிரி ஒண்ணு நான் பாத்ததே இல்ல. பழைய டேப்புலேருந்து எடுத்ததுதான், ஹை-ரெஸ் கூட கிடையாது. ஆனா ப்ளேயரோட குட்டு வெளிப்படணும்னா அதான் சரி. இந்தக் கடைல எல்லாரும் இப்ப அதத்தான் போட்டுப் பாக்குறாங்க. சிம்பாங் அம்பாட்லேருந்து கோகிலன்னு ஒருத்தர் வருவாரு, அந்தப் பாட்டக் கேக்காம பர்ஸைத் திறக்கவே மாட்டாரு."

"என்ன பாட்டு?"

"கோயில் பாட்டுக்கா. யாரோ ஒரு பொம்பள. கடைசியில ஒரு 'ஆ' இழுப்பாங்க பாருங்க..."

என் நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஆத்திரமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. எட்டு வருஷம் முடிவெட்டுகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு வந்து இந்த மனுஷர் என் குரலையா கேட்டுக்கொண்டிருந்தார்? கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பினாங்கில் இருக்கும் சங்கீத ரசிகர்கள் எல்லாம் என் குரலை வைத்தா பெட்டி வாங்குகிறார்கள்? இதை நான் எந்த வாட்ஸ்அப் குழுவில் முதலில் போடுவது?

"குடுங்க" என்று இயர்போனை வாங்கினேன். ரேமண்ட் கை நீட்டினார். தட்டிவிட்டேன்.

ஹைதர் முதலில் சின்னதில் போட்டார். என் குரல்தான், சந்தேகமே இல்லை. பன்னிரண்டு எண்ணிக்கையும் ஜம்மென்று போயிற்று.

"எப்படி?"

"பிரமாதம்" என்றேன்.

"ஐயோ அக்கா, அதுல ஒண்ணும் கேக்காது. ஒரே ஆளு பாடுற மாதிரி இருக்கும்."

"ஒரே ஆள்தான தம்பி பாடுறது?"

"அதான் இல்லக்கா!" ஹைதருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. "இப்ப பெருசுல போடறேன். எட்டாவது எண்ணிக்கையில உன்னிப்பா கேளுங்க. முதல் பொம்பளைக்கு அங்க மூச்சு காலி. டக்குனு நிக்கிறாங்க. அவங்க நிக்கிறதுக்கு ஒரு மயிரிழை முன்னாடி பின்னாலேருந்து இன்னொரு பொம்பள அத அப்படியே வாங்கிக்கிறாங்க. கடைசி அஞ்சு எண்ணிக்கையும் அவங்கதான். அந்த ஜாயின்ட் கேட்டுச்சுன்னா நல்ல ப்ளேயர். கேக்கலன்னா வாங்காதீங்க."

பெரியதில் போட்டார். நான் கேட்டேன்.

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது கேட்டது. ஆர்கனின் பெடல் கிறீச்சிட்டது. ஒரு குழந்தை இருமியது. பிறகு என் குரல். காய்ச்சல் குரல், கொஞ்சம் கரகரப்பாக. ஐந்து, ஆறு, ஏழு. எட்டில் நான் 'ஹக்' என்று மூச்சை உள்ளே இழுத்தேன், குளத்தில் விழுந்தவள் மாதிரி. பாட்டு நிற்கவில்லை. என் இடது தோளுக்குப் பின்னால் இருந்து வேறொரு குரல், சன்னமாக, என்னுடைய சுரத்தையே பிடித்துக்கொண்டு போய்ப் பன்னிரண்டில் மெதுவாக இறக்கி வைத்தது.

எங்கள் குழுவில் இதற்கு மூச்சு மாற்றுவது என்று பெயர். நீளமான சுரம் வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு வாங்கக் கூடாது. ஒருவர் வாங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும், கேட்கிறவருக்குத் தெரியவே கூடாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் பாடமாக நானே இதைச் சொல்லிக்கொடுக்கிறேன். ஆனால் அது கூட்டமாகப் பாடும்போது. தனியாகப் பாடுகிறவளுக்கு யார் மூச்சு மாற்றுவார்கள்?

என் இடது தோளுக்குப் பின்னால் எப்போதும் நிற்பது யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

"கேட்டுச்சாக்கா?" என்றார் ஹைதர் ஆவலாக.

சோபாவில் இருந்த சீனக் கிழவர் இயர்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "யாங் கெடுவா லாகி பாகுஸ்" என்று மலாயில் சொல்லிக் கட்டைவிரலைத் தூக்கினார். இரண்டாவது ஆள்தான் இன்னும் நன்றாகப் பாடுகிறாராம்! அவரும் இதே பாட்டைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"தம்பி, அந்தச் சின்னதையே கட்டிக் குடுங்க" என்றேன்.

"அக்கா, அதுலதான் ஒண்ணுமே கேக்கலன்னு..."

"கேக்கலைல்ல? அதான் வேணும். கட்டுங்க."

ஹைதர் ரேமண்டைப் பார்த்தார். ரேமண்ட் தரையைப் பார்த்தார். சின்னதை ஒரு பைக்குள் போட்டுக்கொண்டு நான் முன்னால் இறங்க, அவர் பின்னால் இறங்கினார். முழங்கால் வலி எனக்கு ஞாபகமே இல்லை.

காடிக்குள் ஏறியும் அரைமணி நேரம் வண்டியை எடுக்கவில்லை. எடுக்க விடவில்லை நான்.

"எப்பலேருந்து தெரியும்?"

"பதிவு பண்ண அன்னைக்கே."

"இருபத்தாறு வருஷம்! வீட்டுக்கு வர்றவன் போறவன்கிட்டலாம் நான் அந்தப் பாட்டப் போட்டுக் காட்டறேன். நீங்க பக்கத்துல உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டு இருந்தீங்க!"

"நீ சந்தோஷமா இருந்த ஜோ."

"அதுக்குன்னு ஊருக்கெல்லாம் காப்பி போட்டுக் குடுப்பீங்களா? பொண்டாட்டி மூச்சு வாங்கறத ஒரு கடையே உக்காந்து கேக்குது!"

"உன் மூச்ச இல்ல லா" என்றார். "அந்த ஜாயின்ட்ட. முப்பத்து மூணு வருஷத்துல எத்தன லட்சம் ஜாயின்ட் பாத்திருப்பேன். அன்னமேரி அக்கா போட்டது மாதிரி ஒண்ணு பாத்ததில்ல. உன் குரல் எங்க முடியுது, அவங்க குரல் எங்க தொடங்குதுன்னு ஒவ்வொரு மெஷின்லயும் போட்டுத் தேடுவேன். நல்ல மெஷின்லதான் மாட்டும். அதக் கேக்க எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

இப்படி ஒரு மனுஷனை என்ன செய்வது? அடிக்கவும் முடியாது, கட்டிக்கொள்ளவும் முடியாது. பிறகு அக்காவின் நினைப்பு வந்தது.

"அக்காவ நான் குழுவவிட்டு நிறுத்துனப்போ வாயத் திறந்திருக்கலாம்ல?"

"திறந்தேன். புதன்கிழமை சாப்பிடறப்போ. 'ஜோ, அந்த எதிரொலி இருக்கே'ன்னு ஆரம்பிச்சேன். நீ ஃபேனப் பத்திப் பேசிக்கிட்டு இருந்த."

எதிரொலி. தொண்ணூற்றொன்பதில் ஒருநாள், காய்ச்சல், சரி, ஒரு தடவை பிடித்துக் கொடுத்தார் என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தேன். ஃபேன் மாட்டினதால்தான் குரல் திரும்பி வரவில்லையா? புதன்கிழமை கோயிலில் இல்லாதது எதிரொலி மட்டும்தானா?

"காடிய விட்டு இறங்குங்க, போவோம்" என்றேன்.

"எங்க?"

"ஹைதர் கடைக்கு. பெருச வாங்கணும்."

சின்னதைத் திருப்பிக் கொடுத்தபோது ஹைதர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை, நல்ல பிள்ளை. பாட்டை ஏற்றிப் பெரியதைக் கட்டிக்கொண்டே, "தூரத்துச் சொந்தம்னீங்களேக்கா" என்று மட்டும் மெல்லக் கேட்டார். "அந்த முதல் பொம்பள நான்தான்" என்றேன். அவர் கையிலிருந்த ஒட்டும் டேப் உருண்டு சோபாவுக்கு அடியில் போயிற்று.

அன்னமேரி அக்கா இருப்பது சுங்கை பினாங் ஃப்ளாட்டில், ஏழாவது மாடி. லிஃப்ட் ஐந்தாவது மாடிக்கு மேல் போகாது என்று ஒரு பேப்பர் ஒட்டியிருந்தது. இரண்டு மாடி ஏறுவதற்குள் எனக்கு மூச்சு முட்டிவிட்டது. இந்த மூச்சை வைத்துக்கொண்டா இத்தனை வருஷம் மைக்கில் நின்றேன் என்று எனக்கே சிரிப்பு வந்தது, சிரிக்கவும் மூச்சில்லை.

அக்கா தரையில் பேப்பர் விரித்து, ஒரு மலை தவ்கேயை, அதான் முளைவிட்ட பயறை, கொட்டி, ஒவ்வொன்றாக வால் கிள்ளிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார்.

"வா ஜோவான். வாங்க ரேமண்ட். திருவிழாவுக்கு மீகூன் பிரட்டித் தரக் கேட்டிருக்காங்க, அதான். கோப்பி போடட்டா?"

"கோப்பி வேணாம்கா. இதக் கேளுங்க."

இயர்போனை அவர் காதில் நானே வைத்தேன். வால் கிள்ளும் கை நிற்கவில்லை. பாட்டு முடியும்வரை தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

"நல்லா இருக்கே. அந்தக் கடைசியில பாடறது யாரு?"

"நீங்கதான்கா!"

"நானா?" கொஞ்சம் யோசித்தார். "ஓ, அதுவா. அன்னைக்கு உனக்குக் காய்ச்சல்ல. தள்ளாடிக்கிட்டு நின்ன. விழுந்துருவியோன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

அவருக்கு ஞாபகமே இல்லை! நான் இருபத்தாறு வருஷம் தலைமேல் தூக்கிவைத்துக்கொண்டு ஆடிய ஒரு 'ஆ', அதைப் பாடிய மனுஷிக்கு ஞாபகத்தில் இல்லை.

"அன்னைக்கு மட்டும்தானக்கா?" என்றேன். "காய்ச்சல்னால, அந்த ஒரு நாள் மட்டும்தான?"

அக்கா தவ்கேயைப் பார்த்துக்கொண்டு கிள்ளினார். ரேமண்ட் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார்.

"அக்கா, சொல்லுங்க."

"போன ஞாயிறும்தான்" என்றார்.

"போன ஞாயிறா?"

"எல்லா ஞாயிறும்தான் லா. பெரிய இழுப்பு வந்தா நீ ஏழெட்டுல விட்ருவ. நான் வாங்கிக்குவேன். அப்புறம் நீ கூரையக் காட்டி ஃபாதர்கிட்ட சொல்லுவ பாரு, எனக்குச் சிரிப்பா வரும். பின்னால நிக்கிற பிள்ளைங்க எல்லாம் குனிஞ்சிக்குவாங்க."

"ஏன்கா ஒரு வார்த்தை சொல்லல?"

"இதப் போயி சொல்லுவாங்களா? பாட்டு நிக்காமப் போனா சரி."

"அப்ப டெஸ்ட்ல மட்டும் ஏன் ஏழுல நிறுத்துனீங்க? உங்களாலதான் முடியுமே!" எனக்குக் கோபமாகவே வந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

அக்கா முதல் தடவையாகக் கையை நிறுத்தினார். "பூசையில நாலு பாட்டு ஜோவான். நாலுலயும் உன்னுது பிடிச்சேன். முடிஞ்ச கையோட வரிசையில நிறுத்தி, என் முறைன்னு கூப்பிட்ட. மிச்சம் ஏழுதான் இருந்துச்சு."

அவர் குறையாகச் சொல்லவில்லை. மீகூன் எத்தனை பாக்கெட் இருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் தாங்கவில்லை. கும்பிடும் கை இரண்டு போட்டு அனுப்பினேனே, அந்தக் கையை எங்கே கொண்டுபோய் வைப்பேன்? தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். ஐம்பத்து நாலு வயதில், கால் நீட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அழாத லா, தவ்கேல தண்ணி விழுது" என்று பேப்பரை நகர்த்தினார் அக்கா.

"என்ன மன்னிச்சிருங்கக்கா. நான் ஒரு பேய். நாளைக்கு வாங்க, பாட வாங்க."

"வேணாம் ஜோவான். எனக்கு ஓய்வு பிடிச்சிருக்கு. நாப்பது வருஷத்துல முத தடவயா நாளைக்கு பெஞ்சுல உக்காந்து பூச பாக்கலாம்னு இருக்கேன்."

"முன்னால நில்லுங்க. மைக்கு உங்களுக்கு. நான் உங்க எடத்துல நிக்கிறேன்." சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. ரேமண்ட் ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தார். சொன்னது சொன்னதுதான். "பயப்படாதீங்க. உங்களுக்கு ஏழுல மூச்சு போனா நான் பிடிச்சிக்கிறேன்."

"நீயா?" என்றார் அக்கா. அப்புறம் சிரித்தார் பாருங்கள், இருமல் வரும்வரை சிரித்தார். ரேமண்டும் சேர்ந்துகொண்டார், வெட்கம் கெட்ட மனுஷர். நானும் எவ்வளவு நேரம்தான் அழுவது? ஒரு பிடி தவ்கேயை எடுத்து வால் கிள்ள ஆரம்பித்தேன். அக்கா வரமாட்டேன் என்று அதற்கப்புறம் சொல்லவில்லை.

மறுநாள் திருவிழாப் பூசை. கோயில் நிரம்பி வாசல்வரை சனம். அன்னமேரி அக்கா நீலச் சேலையில் மைக்கின் முன்னால் போய் நின்றதும் பெஞ்சுகளில் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. அவருடைய இடது தோளுக்குப் பின்னால் நான். அங்கிருந்து பார்த்தால் பீடம்கூடச் சரியாகத் தெரியாது. தெரிவது முன்னால் நிற்பவரின் கொண்டை மட்டும்தான். இத்தனை வருஷமும் அக்கா பார்த்துக்கொண்டிருந்தது என் கொண்டையை.

பாட்டு ஏறிக் கடைசி 'ஆ'வுக்கு வந்தது. நான் விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தேன். நாலிலேயே மூச்சை இழுத்து நெஞ்சு முட்ட நிரப்பிக்கொண்டேன். ஐந்து. ஆறு. அக்காவின் தோளையே பார்த்தேன், அது துவண்டால் உடனே வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மயிரிழைகூடத் தாமதிக்கக் கூடாது, ஜாயின்ட் தெரியக் கூடாது, கீழே ரேமண்ட் உட்கார்ந்திருக்கிறார். ஏழு. வாயைத் திறந்து வைத்துக்கொண்டேன். எட்டு. தோள் அசையவில்லை. ஒன்பது. பத்து. என் முகம் சிவந்து கண் பிதுங்கியது, பக்கத்தில் நின்ற பெண் என் முதுகைத் தட்டினாள். பதினொன்று. பன்னிரண்டு. ஆர்கன்காரர் கையை எடுத்துவிட்டார், அக்கா நிறுத்தவில்லை. பதின்மூன்று. பதினான்கில் தானாக, மெதுவாக, தனக்கு வேண்டிய இடத்தில் இறக்கி வைத்தார். என் முறை வரவே இல்லை.